உலர் எடை

காலையில் அனுப்பிய முளைப்புக் கணக்கைப் பார்த்ததுமே விருதுக் குழு தொலைபேசியில் அழைத்துவிட்டது. உலக வேளாண் விருது பேராசிரியர் மங்கையர்க்கரசிக்குத்தான். அவர் விதைச் சோதனைக் கூடத்துக்கு ஓடினார்.

கடல் ஏறிய வயலிலும் விளையும் நெல் அவருடையது. போன புயலில் விதைக் கிடங்கு மூழ்கியபின் அந்த நெல்லில் நானூறு மணிதான் மிஞ்சியது. விருதுக்கான சோதனைக்கும் சரியாக நானூறு மணி தேவைப்பட்டது. முளைத்ததை அப்படியே நட்டுவிடலாம் என்றுதான் சம்மதித்தார். கூடத்துக்குப் பின்னால் வயலில் உப்புச் சேற்றை மிதித்துப் பதப்படுத்தி, பதினேழு குடும்பங்கள் காத்திருந்தன.

"சவரிமுத்து, கிடைச்சிருச்சு! தொண்ணூத்தெட்டு சதவீதம் முளைச்சதைப் பார்த்து அசந்துட்டாங்க. நாத்தையெல்லாம் எடுங்க, இப்பவே நட்டுரலாம்."

இருபத்தாறு வருடமாக அங்கே விதை சோதிக்கும் சவரிமுத்து நகரவில்லை.

"ஃபாரத்துல உலர் எடையும் கேட்டிருந்தாங்க மேடம். எண்ணி முடிச்சதும் எப்பவும் போல ஓவன்ல காய வச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எப்பவும் எல்லாத்தையும்தானே மேடம் வைப்போம்?"

படிவத்தில் இருந்தது பேராசிரியருடைய கையெழுத்து. விருதுக்குப் பரிசீலிக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் படிக்காமல் போட்டது. ஓவனைத் திறந்தார். காகித உறைகளுக்குள் நாற்றுகள் சருகாகியிருந்தன. ஒன்றைத் தொட்டதும் விரலில் பொடிந்தது.

விருதுச் செய்தி அதற்குள் சேற்றில் நின்றவர்களுக்கு எட்டிவிட்டது போலும். வெளியே வெடி வெடித்தார்கள்.

சவரிமுத்து தராசைத் துடைத்து வைத்தார்.

"எடை போட்டு அனுப்பிரவா மேடம்?"