இருபது நிமிட அமைதி

மைக்கைச் சோபாவின் நடுவில் காது உயரத்துக்கு நிறுத்தி, ரிமோட்டை அழுத்திய கையோடு டிவி திரையில் பிழைச் செய்தி வந்தது. அறையில் சத்தம் அதிகமாக இருக்கிறதாம்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஹோம் தியேட்டர் மாட்டக் காலை எட்டு மணிக்கு வந்தவன். டிவி, ஸ்ட்ரீமிங் பெட்டி, வீட்டுக்காரர் ரத்தினசாமியின் செல்போன் என்று எல்லாவற்றையும் ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரோடு இணைத்தாகிவிட்டது. இது ஒன்றுதான் பாக்கி.

ஏழு ஸ்பீக்கரும் ஒவ்வொன்றாகச் சத்தம் கொடுக்கும். மைக் அதைக் கேட்டு, எந்த ஸ்பீக்கர் எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்று ரிசீவருக்குச் சொல்லும். அதற்கு இருபது நிமிடம் அறை கப்சிப் என்று இருக்க வேண்டும்.

ஏசியை நிறுத்தினேன். போனை சைலன்டில் போடச் சொன்னேன். ரத்தினசாமி சொன்னபடி செய்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். சாயங்காலம் புதுச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். அதற்குள் தியேட்டர் தயாராகிவிட வேண்டும் என்பது அவர் கவலை.

அப்போதுதான் தரை வழியாக ஓர் உறுமல் வருவது தெரிந்தது.

"அது நம்ம புளோயருங்க," என்றார்.

வீட்டுக்குப் பின்னாலேயே அவருடைய சாயப்பட்டறை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மற்ற மிஷின் எதுவும் ஓடவில்லை. கழிவுத் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இரண்டு பேர் உள்ளே இறங்கியிருந்தார்கள். அவர்களுக்குக் குழாய் வழியாகக் காற்று அனுப்புவதுதான் அந்த புளோயர்.

அந்த இருவரில் ஒருவரை எனக்குத் தெரியும். தெரியும் என்றால் அன்று காலைப் பழக்கம்தான். பெருமாள்சாமி, சங்கரன்கோவில் பக்கத்து ஆள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து, சப் வூஃபர் பெட்டியை மாடிவரை தோளில் சுமந்து வந்து வைத்தவர். மச்சான் மாதவனோடு தொட்டியில் இறங்கப் போவதாகச் சொன்னார். அந்த நாற்றத்தில் எப்படி நிற்பீர்கள் என்று கேட்டேன்.

"நாத்தமெல்லாம் பழகிட்டு அண்ணாச்சி. காத்து வந்தாப் போதும்," என்று சிரித்தார்.

அதனால், புளோயரை நிறுத்திவிடலாம் என்று ரத்தினசாமி சொன்னபோது நான் சும்மா இருக்கவில்லை. முதலில் அவர்கள் மேலே ஏறட்டும் என்றேன்.

அவரும் மறுக்கவில்லை. உடனே சூப்பர்வைசர் கிட்டுசாமிக்குப் போன் போட்டார். ஆட்களை மேலே ஏற்றிவிடு, கொஞ்ச நேரம் புளோயரை நிறுத்தப் போகிறேன் என்றார். மறுமுனையில் "செரிங்க மொதலாளி, செரிங்க" என்ற குரல் எனக்கும் கேட்டது.

எங்கள் ஊரில் முதலாளியிடம் முதலில் வாயில் வருவது அதுதான். முடியுமா முடியாதா என்ற யோசனையெல்லாம் போனை வைத்த பிறகு. நான் மட்டும் என்ன யோக்கியம்? நாளைக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நான்கு நாள் கழித்துப் போன வீடுகள் எத்தனையோ.

ஐந்து நிமிடம் பொறுத்தோம்.

"ஏறியிருப்பாங்களுங்க," என்று சொல்லிக்கொண்டே ரத்தினசாமி கீழே போனார். பட்டறையின் மெயின் போர்டு வீட்டு மாடிப்படியின் அடியிலேயே இருந்தது. அவர் சுவிட்சை இறக்கியதும் உறுமல் நின்றது.

ஏசி இல்லாமல் அறை புழுங்கியது. அவர் மேலே வந்ததும் சன்னலைத் திறந்துவிட்டு மறுபடி ரிமோட்டை அழுத்தினேன். முதல் ஸ்பீக்கர் ஆயிற்று, இரண்டாவது ஆயிற்று. மூன்றாவதில் மறுபடியும் அதே பிழைச் செய்தி.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வெளியே எங்கோ இரும்பில் தட்டுகிற சத்தம். டங், டங். கொஞ்சம் விட்டு இன்னொரு டங்.

"யாரோ தட்டறாங்களுங்க."

"எனக்கொண்ணும் கேக்கலீங்களே," என்றார் ரத்தினசாமி.

முப்பது வருடம் மிஷின்களுக்குப் பக்கத்திலேயே நின்றவர். அவர் காதை நம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பக்கத்தில் ஏதோ கட்டட வேலை நடக்கிறது என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும், அவ்வளவுதான் நினைப்பு. தலையை நீட்டிக் கீழே பார்த்திருந்தால் தொட்டியின் வாய் தெரிந்திருக்கும். ஒரு விநாடி வேலை அது. இன்றுவரை என்னால் என்னை மன்னிக்க முடியவில்லை.

சன்னலைச் சாத்தினேன்.

மூன்றாவது முறை எதுவும் குறுக்கே வரவில்லை. ஏழு ஸ்பீக்கரும் வரிசையாகச் சத்தம் கொடுத்து முடித்தன. அளவெடுத்து முடிந்தது என்று திரையில் வந்தது.

ரத்தினசாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. உங்கள் போனிலிருந்தே ஒரு பாட்டுப் போட்டுப் பாருங்கள் என்றேன். போனை எடுத்தவர், கிட்டுசாமியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்திருப்பதைப் பார்த்து, முதலில் அதை அழுத்தினார்.

போன் ரிசீவரோடு இணைந்திருந்தது. முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் முதுகுக்குப் பின்னாலிருந்தும் கிட்டுசாமி பேசினார். பந்தி இரைச்சலுக்கும் மேளத்துக்கும் நடுவே அவர் குரல் பளிச்சென்று இருந்தது. ரத்தினசாமிக்கே ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. நான் இங்க குன்னத்தூர்ல கெடா விருந்துக்கு வந்துட்டனுங்க. பெருமாள்சாமிக்குப் போன் போட்டுப் பாத்தன், எடுக்க மாட்டீங்கறாருங்க. நான் யாரையாச்சும் புடிச்சுச் சொல்ற வரைக்கும் புளோயரை மட்டும் நிறுத்தீராதீங்க."