வாலில் எழுதிய எண்

அமெரிக்காவின் ஓமஹா நகரில் அந்த ஆய்வுக்கூடத்தில் லோர்னாவுக்கு ஒரே வேலைதான். சர்க்கரை நோய் வரவழைத்த பதினாறு எலிகளின் செவிப்பறையில் ஊசியால் துளை போட்டிருந்தார்கள். அது ஆறுகிறதா என்று தினமும் காதுக்குள் பார்த்து எழுதவேண்டும். வாலில் கறுப்பு மார்க்கரால் போட்ட எண் மூன்று நாளில் மங்கிவிடும். மறுபடியும் எழுதுவாள்.

ஒன்பதாம் நாள் பதினான்காம் எலிக்கு மட்டும் துளை சுத்தமாக மூடியிருந்தது.

அன்று மாலை, கணவன் டெல்பர்ட்டின் குதிகால் கட்டைப் பிரித்தாள். அவனுக்கும் சர்க்கரைதான்; பாதங்களில் உணர்ச்சியே கிடையாது. எட்டு மாதமாக ஆறாத புண் மூடியிருந்தது. அதன்மேல் கறுப்பு மையில் 14 என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்து.

"என்னையும் உன் எலிங்களோட சேத்துட்டியா?" என்று சிரித்தான் டெல்பர்ட். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

இருபத்தோராம் நாள் எல்லா எலிகளையும் கொன்று செவிப்பறையை எடுக்கவேண்டும். அதுதான் முறை.

"பதினாலை மட்டும் விட்டுடலாமா, டாக்டர்?"

"ஆறினது அது ஒண்ணுதானே, லோர்னா. அதைத்தான் முதல்ல பாக்கணும்" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் விட்லாக்.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, வாலிலிருந்த எண்ணைச் சுவடில்லாமல் துடைத்தாள். அதன் பிறகே எலியை வாயுப் பெட்டிக்குள் விட்டு மூடினாள். அது அசைவற்றுப்போகும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போன் செய்தாள்.

"டெல், குதிகாலைப் பாரு."

"இரு... அட, நம்பர் போயிடுச்சு!" அவன் குரலில் அத்தனை சந்தோஷம். "சாக்ஸ்தான் என்னமோ பிசுபிசுன்னு நனைஞ்சிருக்கு. நான் தண்ணி எதையும் மிதிக்கலையே."