முவாமோ

காற்று கொஞ்சம் அடங்கியதும் அந்தக் குரல் மறுபடி கேட்டது.

"முவாமோ..."

பதுங்குகுழியில் மூன்று பேரும் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். கொல்லா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரஷ்யர்கள். நடுவில், பனி மூடிய காட்டில், யாரோ அடிபட்டுக் கிடந்தான்.

"டேய் மித்ரோ, உன் மாமன் மகன் கூப்பிடறான் பாரு. போய் மூக்கைத் துடைச்சு விட்டுட்டு வா" என்றான் யால்மரி.

மித்ரோவும் பின்லாந்துச் சிப்பாய்தான். ஆனால் எல்லையோரத்துக் கரேலியன். பேச்சு வேறு மாதிரி, கும்பிடுகிற கோயிலும் ரஷ்யர்களுடையது மாதிரி. போதாதா? பட்டாளத்துக்கு வந்த நாள்முதல் அவனுக்கு 'ரஷ்யாக்காரன்' என்றுதான் பெயர். வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். அதனால் ஊர்ப்பேச்சை அடியோடு விட்டிருந்தான்.

மற்ற பின்லாந்துக்காரர்கள் அம்மாவை ஐத்தி என்பார்கள். மித்ரோவின் ஊரில் முவாமோ.

அவனுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது.

கார்ப்பரல் ஹக்காலா அவன் பக்கம் திரும்பினார். "அந்தப் பக்கத்துப் பேச்செல்லாம் உனக்குத்தான்டா தெரியும். என்ன சொல்றான்? நம்மாளுன்னா சொல்லு, சறுக்குவண்டிய எடுத்துக்கிட்டு நானே போறேன்."

யால்மரியின் உதட்டில் சிரிப்பு தயாராக இருந்தது. எங்கள் ஊர்ப்பேச்சு என்று சொன்னால் தீர்ந்தது, போர் முடிகிறவரை ஓட்டுவான்.

ரஷ்யர்களின் செஞ்சேனையிலும் கரேலியர்கள் உண்டு, இவன் அங்கத்திய ஆளாகவும் இருக்கலாம் என்று மித்ரோ தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். கேவலமான சமாதானம். அது அவனுக்கே தெரிந்தது.

"ரஷ்யன்தான் போல. ஒண்ணும் புரியல."

"அப்ப விடு. ஆளை வெளிய இழுக்க இப்படித்தான் கத்துவானுங்க" என்றார் ஹக்காலா.

குரல் இன்னும் பல தடவை கேட்டது. பிறகு கேட்கவில்லை. யால்மரி சூப்பைக் குடித்து முடித்தான். மித்ரோ தன் கிண்ணத்தை எடுக்கவே இல்லை.

பனி கொட்டுவது நின்றதும் ஊர்ந்து போய்ப் பார்த்தார்கள்.

வெள்ளை மேலங்கிக்குள் பின்லாந்துச் சீருடை. பக்கத்துக் கம்பெனியின் ரோந்து ஆள், வழி தவறியிருக்கிறான். கழுத்தில் மித்ரோ கட்டியிருப்பதைப் போலவே சிலுவைக் கயிறு. மற்றவர்கள் கண்ணில் படுமுன் மித்ரோ அவன் காலரை இழுத்து மூடினான்.

ஹக்காலா தொப்பியைக் கழற்றிவிட்டுப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம பயலைச் சாக விட்டுட்டேனே, பாவி நான். கடைசியா என்ன சொன்னான்னு இவன் அம்மா கேட்டா நான் என்னடா சொல்லுவேன்?"

பிறகு மித்ரோவை நிமிர்ந்து பார்த்தார். "நீ என்ன பண்ணுவ. அந்தக் காத்துல உனக்கே புரியலையே."

யால்மரி அருகில் வந்து, முதல்முறையாக மித்ரோவின் தோளில் கை போட்டான்.

மித்ரோ அந்தக் கையை விலக்கவில்லை.