மூன்றாவது நட்டு

“என்னய்யா எம்மெட், நீ மெக்கானிக்கா, இல்ல தையல்காரனா? மறுபடியும் தையல் மிஷின் மாதிரி டிக் டிக்குனு ஓடுது வண்டி!”

லான்னி தன் பிக்கப்பின் பானெட்டைத் தட்டித் தட்டிக் கத்தினார். பட்டறை வாசலில் சோடா குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

எம்மெட்டுக்குக் காது சிவந்தது. கென்டக்கி மலைப்பக்கத்தில் அவர் கைவிரித்த எஞ்சினை வேறு எந்த மெக்கானிக்கும் தொடமாட்டான். அவர் இறுக்கிய நட்டு, அவரைப் புதைத்த பிறகுதான் தளரும் என்று பேச்சு. அந்தப் பெயர் ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக நாறுகிறது.

“இன்னிக்கும் இந்தச் சத்தம் நிக்கலேன்னா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்.” அங்கே காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர் லான்னிதான். சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குக் காப்பி குடிக்கப் போனார்.

லான்னியின் மனைவி வெர்னா வழக்கம்போல எஞ்சின் பக்கத்திலேயே நின்றாள். எம்மெட் வால்வு மூடியைக் கழற்றியதும் எட்டிப் பார்த்தாள்.

“இந்தச் சத்தம் எவ்வளவு தூரம் கேக்கும்?”

“ஊர் அடங்கின நேரம்னா அரை மைல். வெக்கப்படாதம்மா, நிறுத்திடறேன்.”

சொன்னாரே தவிர, அவருக்கே நம்பிக்கை இல்லை. வால்வை இயக்கும் பாகங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால்தான் டிக் டிக்; எண்ணெய் அழுத்தத்தில் அதைத் தானே சரிசெய்துகொள்ளும் லிஃப்டர் இது. அதன் மேல் நிற்கும் புஷ்ராட் கம்பியை விரலால் உருட்டிக்கொண்டே, வால்வை அழுத்தும் ராக்கரின் நட்டை இறுக்கி, ஆட்டம் நின்றதும் இன்னும் அரைச் சுற்று கொடுத்தால், வருஷக்கணக்கில் தொட வேண்டாம். எழுபது வயதில் கை தளர்ந்துவிட்டதோ?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் போன தடவை ஒவ்வொரு நட்டிலும் அதன் தண்டிலும் சேர்த்து வெள்ளைக் கோடு இழுத்திருந்தார். ஏழு கோடுகள் நேராகவே இருந்தன. மூன்றாவது நட்டில் மட்டும் கோடு முக்கால் சுற்று தள்ளிப் போயிருந்தது.

“இது தானாக் கழன்றதில்ல. எவனோ ஸ்பேனர் போட்டிருக்கான்!”

“நான்தான்,” என்றாள் வெர்னா. “நீங்க இறுக்கறதைப் பார்த்துப் பார்த்து, கழட்டக் கத்துக்கிட்டேன்.”

“ஏம்மா?”

“குடிச்ச ராத்திரில அவரு கை சும்மா இருக்காது. ரோட்டு வளைவுல இந்தச் சத்தம் கேட்டாத்தான், அவரு வாசலுக்கு வர்றதுக்குள்ள பிள்ளைங்களப் பக்கத்து வீட்டுக்கு அனுப்ப முடியுது.”

எம்மெட் ஸ்பேனரைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு நட்டைத் தொடாமலே மூடியைத் திரும்ப மாட்டினார்.

லான்னி வந்து சாவியைத் திருப்பினார். டிக், டிக், டிக். வாசலில் இருந்த நாலு பேரும் எழுந்து உள்ளே வந்தார்கள்.

“என்னய்யா இது?”

எம்மெட் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“இதை நிறுத்த எனக்குத் தெரியல, லான்னி.”