பூங்கோதை குறித்துக் கொடுத்தவை

எதிராளியை மோதிச் சாய்ப்பதுதான் பூங்கோதையின் மகன் நந்தனுக்கு வேலை. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில், ரக்பி போல மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணியில் தடுப்பாட்டக்காரன். ஒவ்வொரு மோதலுக்கும் அவனுடைய ஒரு நினைவு அழியும். எது அழியலாம் என்று ஆட்டத்துக்கு முன்பே தாய் படிவத்தில் குறித்துத் தர வேண்டும்.

“ஆடாம என்னால இருக்க முடியாதும்மா” என்பான்.

முதலில் பள்ளிப் பாடங்களைக் கொடுத்தாள். பிறகு, தான் அவனை அடித்ததையும் திட்டியதையும். இறந்துபோன அவன் அப்பாவைத் தொடவேயில்லை. அவரை விட்டால், இறுதி ஆட்டத்துக்குக் கொடுக்க அவள் மட்டுமே மிச்சமிருந்தாள்.

கோப்பையோடு வெளியே வந்தவன், அவள் நீட்டிய தயிர்சாத டப்பாவை வாங்கி, மூடியில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தான்.

“யார் பேர் எழுதணும்?”

“அம்மாவுக்குன்னு எழுதுப்பா.”