எதிரி படையோடு வருவான்

"கையைத் தூக்கு, மேனுஷா. இப்ப தோளுக்குப் பின்னால கொண்டு போ."

மேனுஷாவின் கை பாதியில் நின்றது. இந்திரஜித் மறுபடியும் தோள் தையலைப் பிரித்தான். ஸ்பொஞ்ச் மெத்தையை வெட்டி, மேலே கறுப்பு ரெக்சின் வைத்துத் தைத்த கவசம். நாளைக்குள் முடித்தாக வேண்டும்.

பக்கத்து வீட்டு வடிவம்மா வாசலில் நின்று சிரித்தாள். "இந்த வருஷமும் கூத்துல நீதான் ராஜாவா தம்பி? வேஷம் உனக்கு, அளவு பொண்டாட்டிக்கா?"

"போட்டுக்கிட்டே தைக்க முடியுமா அக்கா?"

"சரி, ராஜாவுக்குக் கை ஏன் பின்னால போகணும்?"

"முதுகுல இருந்து அம்பு எடுக்க வேணாமா?"

"எதிரி அவ்வளவு பெரிய ஆளா?"

"படையோட வருவான் அக்கா" என்றாள் மேனுஷா, சிரிக்காமல்.

மறுநாள் காலை ஆள் கூடும் பெரட்டில், முன்பே சொல்லியிருந்தபடி கங்காணி வேலை பிரித்தார். "எல்லாரும் ஏழாம் நம்பர் மலைக்குப் போங்க."

போன மாதம் குளவி கொட்டி மேனுஷாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது அந்த மலையிலிருந்துதான். கூடு இன்னும் மரத்திலேயே இருந்தது.

கவசம் மாட்டி, முகத்தில் கொசுவலை கட்டி, மேனுஷா வரிசையில் நின்றாள். முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை. கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தாள். கூடைக்குள் தாராளமாகப் போனது.

"ராஜா வர்றாரு, வழி விடுங்க!" யாரோ கத்த, வரிசையே சிரித்தது.

வடிவம்மா மட்டும் சிரிக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற இந்திரஜித்தின் பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்:

"தம்பி, எனக்கு இடுப்புல மட்டும் கொஞ்சம் கூட விட்டுத் தை."