முழுக் காப்பி

"உன் வீட்டுக்காரர் போன்ல இருக்கிற கண்றாவியையெல்லாம் காப்பி எடுக்க நான் எதுக்குப் பாதிக் காசு குடுக்கணும்?"

தையல்காரம்மா போட்ட சத்தத்தில், வக்கீல் ஆபீஸ் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு யார் வீட்டுக்குப் போவார்கள்?

"ரெண்டு பேரையும் ஒரே குடோன் திருட்டு கேஸ்லதானேக்கா உள்ள வச்சிருக்காங்க? அன்னிக்கு எங்க இருந்தீங்கன்னு கேட்டா, 'வேலையா போயிருந்தோம்'னு ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டு. குடோன்ல இல்லைன்னு ஒரு துப்பு கிடைச்சா உங்க வீட்டுக்கார வெல்டரும்தான் வெளிய வருவார்!" எலெக்ட்ரீஷியன் மனைவியும் விடவில்லை.

குமாஸ்தா நடுவில் புகுந்தார். "அம்மா, போலீஸ் எடுத்த ஆதாரம் மலையாட்டம் கிடக்கு. குடோன் கேமரா வீடியோ மட்டும்னா சின்ன பென் டிரைவ் போதும். போன் படமெல்லாம் சேர்த்தா பெரிய ஹார்டு டிஸ்க் வாங்கணும். அத்தனையும் பார்க்க வக்கீலுக்குத் தனி பீஸ். ஜெயில்லேருந்து உங்க வீட்டுக்காரங்களே சொல்லி விட்டாங்க, 'வீடியோ போதும், வீண் செலவு வேண்டாம்'னு."

"கேட்டியாடி? உள்ள கிடந்தும் குடும்பத்து நினைப்புதான்!" தையல்காரம்மா மூக்கை உறிஞ்சினார்.

"அவர் கிடக்கார்க்கா. கம்மலை வித்தாவது முழுசா வாங்குவேன். டிஸ்க்குக்கு மட்டும் பாதி குடுங்க. பீஸ் எதுக்கு? நாமளே உக்காந்து பார்த்துருவோம்."

பேரம் படிந்தது. தையல்காரம்மா வீட்டில், இரவல் லேப்டாப் முன்னால் இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் காற்றுக்காகத் திறந்துகொண்டன.

வீடியோவில் முகத்தை மூடிய இரண்டு உருவங்கள், யாராகவும் இருக்கலாம். எலெக்ட்ரீஷியன் போனில் மீட்டர் பெட்டி, ஒயர், மறுபடி மீட்டர் பெட்டி.

"அக்கா, நில்லுங்க! திருட்டு நடந்த அதே தேதி, அதே பகல் நேரம்!"

"கூட நிக்கிறது எங்க வீட்டுக்காரர்தான்! அப்பாடா, ரெண்டு பேரும் குடோன் பக்கமே போகலடி! பெரிசு பண்ணு, பெரிசு பண்ணு!"

படம் பெரிதானது.

பதிவாளர் அலுவலக மேசை முன்னால் மாலையும் கழுத்துமாக எலெக்ட்ரீஷியன். அவர் தோளில் சாய்ந்தபடி மணப்பெண்ணாகத் தையல்காரம்மாவின் சொந்த நாத்தனார். சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் வெல்டர்.

அந்தப் படத்தை வக்கீலிடம் கொடுத்தது எலெக்ட்ரீஷியன் மனைவிதான்; கணவன்மார் விடுதலையாகி வந்தபோது இரண்டு வீட்டிலும் பூட்டு தொங்கியது, மனைவிமார் ஒரே வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு ஊரை விட்டே போயிருந்தார்கள்.